நன்னி கேட்ட ஒரு பக்கம்



சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் வீட்டு நன்னிக்கு ஒரு கண்ணில் புரை அறுவை நடந்தது. மற்றக் கண்ணிலும் புரை இருந்தது. அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அறுவை செய்த கண்ணைச் சில வாரங்களுக்கு வருத்தக் கூடாது, பொடி எழுத்துப் படிக்கவே கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. அரபியில் ஓதுவதற்கு நன்னிக்குக் கண் அதிகம் தேவைப்படாது; பல சூராக்கள் அவருக்கு மனப்பாடம். ஆனால் ரமளான் மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பின் அப்துல் ஹமீது பாகவி ஹஜ்ரத்தின் தமிழ்த் தர்ஜமாவை விரித்துவைத்து, அன்று ஓதிய பகுதியின் பொருளைப் படிப்பது அவருடைய பல்லாண்டுப் பழக்கம். அந்த வருடம் அதற்கு வழியில்லாமல் போயிற்று.

முதல் நோன்பன்று மாலை நன்னி எங்கள் மகளை அழைத்தார். "ஒரு பக்கம் வாசிம்மா. நான் கேட்டுக்கறேன்."

மகள் ஒன்பதாம் வகுப்பு. மொழிப்பாடம் பிரெஞ்சு. அதில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. பிரெஞ்சில் எங்களுக்கு விளங்காத கதைப் புத்தகங்களைச் சிரித்துக்கொண்டே படிப்பாள். தர்ஜமாவை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தவள், முதல் வரியைக் கடக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். கொம்பும் காலும் வரும் இடங்களில் நின்றாள். ஒற்றை எழுத்துகளாக உச்சரித்து, பிறகு அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாக்க முயன்று, அந்தச் சொல் என்னவென்று தெரியாமல் மீண்டும் தொடங்கினாள். மூன்றாவது வரியில் நன்னி கையை உயர்த்தினார். "போதும்மா. நோன்பு வச்சுக் களைச்சிருப்பே."

களைப்பு காரணமல்ல என்பது அவளுக்கும் தெரிந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று இஃப்தாரில் பேரீச்சம்பழத் தட்டு கைமாறியதைத் தவிர எங்களுக்குள் வேறொன்றும் நடக்கவில்லை.

இந்தக் கட்டுரையை நாங்கள் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். ஏனெனில் தவற்றையும் சேர்ந்தே செய்தோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டு பள்ளியில் ஒரு படிவம் தந்தார்கள். தமிழ், பிரெஞ்சு, இந்தி என்று மூன்று கட்டங்கள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, பிரெஞ்சில் குறியிட்டோம். தமிழில் மதிப்பெண் வராது, பிரெஞ்சில் நூற்றுக்கு நூறு வரும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. பாரிஸ் புறநகரில் இருக்கும் உறவினர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே, அது எங்கே போய்விடும் என்று நினைத்தோம். பேச்சு எங்கும் போகவில்லை. எழுத்து மட்டும் போய்விட்டது.

இதைச் சொன்னால் உடனே பிரெஞ்சைக் குறை கூறுவோரும் உண்டு. அவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இது பிரெஞ்சு தெரிந்த ஊர். 1826இல் தொடங்கிய லிசே பள்ளியும் 1889இல் வந்த அலியான்ஸ் பிரான்சேசும் இன்றும் நடக்கின்றன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரையில் பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று 1956 உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா'க்களை அறியாத தெரு இங்கே குறைவு.

நம் சமூகத்துக்கும் அந்த மொழியோடு பழைய கணக்கு உண்டு. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இந்தோசீனாவுக்குச் சென்று துணிக்கடை வைத்தார்கள். சைகோன் நகரின் நடுவே, டோங் டூ வீதியில், 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. நன்னியின் அத்தாவும் அந்த நகரில் ஒரு கடையில் கணக்கெழுதியவர்தான். கடைக்கணக்கு பிரெஞ்சில், வீட்டுக்கு வந்த கடிதங்கள் தமிழில். அக்கால முஸ்லிம்கள் பிரெஞ்சை எவ்வளவு தூரம் உள்ளே விடுவது என்பதில் தெளிவாக இருந்தார்கள். 1881இல் வந்த ஓர் ஆணைப்படி, தமக்குரிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்போருக்கு அதன் உரிமைகள் கிடைக்கும் என்ற நிலை வந்தது. திருமணமும் வாரிசுரிமையும் ஷரீஅத்தின்படியே இருக்க வேண்டும் என்று நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றனர். மொழியைப் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், சட்டத்தில் கையெழுத்திடவில்லை.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், அவர்கள் அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதீயில் பதிவாகியுள்ள செய்தி. பிறமொழி கற்பது நமக்குப் புதிதுமல்ல, விலக்கப்பட்டதுமல்ல. ஆனால் அவர் புதியதைக் கற்றபோது பழையதை விட்டுவிடவில்லை. நாங்கள் மகளுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்துவிட்டோம்.

பிரெஞ்சு அரசுகூட இங்கே சம்பளம் கொடுத்துத் தமிழாசிரியர்களை வைத்திருந்தது. பாவேந்தர் பாரதிதாசன் 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தது பிரெஞ்சு அரசின் பள்ளியில்தான். இன்று நிலை வேறு. புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றிவந்தன. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் முன்பே வந்துவிட்ட சிபிஎஸ்இ முறை, 2023-24இல் மேல்வகுப்புகளிலும் நுழைந்து, 2024-25இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் வரை எட்டிவிட்டது. அந்த முறையில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இரண்டு மொழிகள் போதும் என்றிருந்தது. தமிழ் அவற்றுள் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தமிழைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாது. ஆகவே தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெகுகாலமாக நடந்துவருவது இனி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடக்கலாம். சிபிஎஸ்இ வந்ததால் எங்கள் தெருவில் மகிழ்ந்த பெற்றோர்களும் உண்டு. நுழைவுத்தேர்வுகளுக்கு உதவும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

மகளின் நிலை தெரிந்த பிறகுதான் மஹல்லாவின் மக்தபைச் சற்றுக் கவனித்துப் பார்த்தோம். மஃரிபுக்குப் பின் பிள்ளைகளை அழைத்துவரப் போகும்போது வாசலில் நின்று கேட்டோம். ஹஜ்ரத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்; நல்ல பொறுமைசாலி. கரும்பலகையில் வுளூவின் பர்ளுகளைத் தமிழில் எழுதிப்போட்டிருந்தார். அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கும் நாலைந்து பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். எங்கள் மகளைப் போன்றவர்கள் அவர் சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்துகளில் குறித்துக்கொண்டார்கள். வீட்டில் உருது பேசும் இரண்டு சிறுமிகள் அடுத்தவளின் ஏட்டை எட்டிப் பார்த்தார்கள். பீகாரிலிருந்து தொழிற்பேட்டை வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எதுவும் எழுதாமல் கையைத் தூக்கி, "ஆறு இல்ல ஹஜ்ரத், நாலு" என்றான். ஹஜ்ரத் சிரித்துவிட்டு, அவன் வீட்டார் ஹனஃபி மத்ஹபினர், இந்த மஹல்லா ஷாஃபிஈ, அங்கே நாலும் இங்கே ஆறும் சரிதான் என்று விளக்கினார். விளக்கம் தமிழில் இருந்தது. சிறுவனுக்குப் பாதி புரிந்திருக்கும். கோடை விடுமுறையில் பிரான்சிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் சேர்ந்துகொண்டால் கலவை இன்னும் கூடும். அவர்கள் கையில் யாசீன் சூரா பிரெஞ்சு எழுத்தில் இருக்கும்.

எழுத்து மாறினால் என்ன, ஒலி வந்தால் போதாதா என்று கேட்கலாம். நாமே தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாசீனை வைத்து ஓதியவர்கள்தானே. ஆனால் நம் ஆலிம்கள் அதை ஏன் கண்டிக்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரியும். 'கல்ப்' என்று தமிழில் எழுதினால், பெரிய காஃபில் தொடங்கினால் இதயம், சின்ன காஃபில் தொடங்கினால் நாய். தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதே விபத்து மறுதிசையிலும் நடக்கிறது. எங்கள் மகள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள். அங்கே ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே 'எல்'. அவளைப் பொறுத்தவரை புளியும் புலியும் ஒன்றேதான்.

ரமளானின் இரண்டாவது வாரத்தில் நடந்ததை எழுதத்தான் இத்தனையும் சொன்னோம்.

பெருநாளைக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்தபோது நன்னியின் மரப்பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த, முதற்பக்கங்கள் இல்லாத ஒரு பழைய அச்சுப் புத்தகம் கிடைத்தது. முழுவதும் அரபி எழுத்து. நன்னியின் தாயார் வைத்திருந்ததாம். "எங்கம்மா இதைத்தான் ராகம் போட்டு வாசிப்பாங்க. எனக்குப் படிக்க வரலை. நான் தமிழ் எழுத்துப் படிச்சவ" என்றார் நன்னி. கிதாபு என்று எண்ணி நாங்கள் முத்தமிட்டு அலமாரியில் வைக்கப் போனோம். மகள் வாங்கித் திறந்தாள். மக்தபில் ஏழு வருடம் ஓதியவள். ஸேர், ஸபர் எல்லாம் தடங்கலில்லாமல் வரும். ஒரு வரியைச் சத்தமாக ஓதினாள். பழகாத புள்ளிகள் வைத்த எழுத்துகள் குறுக்கிட்ட இடங்களில் ஊகித்தாள். இரண்டாவது வரியில் அவள் வாயிலிருந்து "துளுகை" என்று வந்தது.

நன்னி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "துளுகை இல்லடி. தொழுகை!"

மகள் புத்தகத்தையும் நன்னியையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்மா, இது தமிழ்!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அரபுத்தமிழ் என்று ஒன்று இருந்ததை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அரபியின் 28 எழுத்துகளில் ப, ட, ண, ள, ழ போன்ற நம் ஒலிகளுக்கு இடமில்லை. குறில் எ, ஒ ஆகியவற்றுக்கும் குறியில்லை. நம் முன்னோர் இருக்கும் எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் சேர்த்து அக்குறையைத் தீர்த்தார்கள். அந்தக் குறியைத் தெரியாததால்தான் மகளின் 'தொ' 'து' ஆயிற்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி' போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இவ்வெழுத்தில்தான் வீடுகளுக்குள் போயின. பள்ளிக்கூடம் போகாத பெண்கள், மக்தபில் ஓதக் கற்ற அரபி எழுத்தைக் கொண்டே தம் தாய்மொழியில் மார்க்கத்தைப் படித்தார்கள். அவர்களிடம் எந்த எழுத்து இருக்கிறது, அவர்களுக்கு எந்த மொழி புரியும் என்று பார்த்து, அதற்கேற்பப் பாடத்தை அமைத்திருக்கிறார்கள் அந்த ஆலிம்கள். ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று குர்ஆன் (14:4) கூறுவதை அவர்கள் பாடத்திட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள் போலும். நம் ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயைச் சூழ்ந்துள்ள மலபாரில் அரபுமலையாளம் மத்ரஸா பாடநூல்களில் இன்னும் வாழ்கிறது. நம்மிடம் அது ஒரு தலைமுறையில் அணைந்தது.

அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். நன்னியின் தாயார் படித்ததை நன்னியால் படிக்க முடியவில்லை. நன்னி படிப்பதை எங்கள் மகளால் படிக்க முடியவில்லை. மகள் படிக்கும் பிரெஞ்சை எங்களால் படிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் நான்கு தலைமுறை, எல்லோரும் பேசுவது ஒரே தமிழ்.

அந்த ரமளான் முழுவதும் அந்தப் புத்தகம் ஓடியது. மகள் ஒலியைச் சொல்வாள். நன்னி அதைச் சொல்லாக்குவார். சில இடங்களில் இருவருக்கும் விளங்காமல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோவார்கள். வுளூ, தொழுகை, நோன்பு பற்றிய சட்டங்கள்தான். தலைப்பு மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

இதைக் கண்டு உற்சாகமடைந்த நண்பர் ஒருவர் அரபுத்தமிழையே மக்தபில் மீட்டெடுக்கலாம் என்றார். எங்களுக்கு அதில் நம்பிக்கையில்லை. புதிதாக அச்சாகும் நூல் அதில் இல்லை. பழையதைப் படிக்கச் சில ஆய்வாளர்கள் வந்தால் போதும். எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படுவது தமிழ் எழுத்து. தர்ஜமாக்கள், நபிமொழித் தொகுப்புகள், ஜும்ஆ அறிவிப்புப் பலகை, கபர்ஸ்தானின் கல்வெட்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பெருநாளுக்குப் பின் ஜமாஅத் கூட்டத்தில் இதைச் சொன்னோம். வாரத்தில் இரண்டு நாள், ஓதல் முடிந்ததும் அரை மணி நேரம், தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே கோரிக்கை. எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. மூத்தவர் ஒருவர், "அரபி ஓதிக்கொடுக்க அனுப்பிய இடத்தில் அ, ஆ எதற்கு? ஸ்கூலில் விட்டதை மத்ரஸா தலையில் கட்டுவதா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஹஜ்ரத்துக்கு நாம் கொடுக்கும் சம்பளத்துக்கு அவர் செய்யும் வேலையே அதிகம். இளம் தந்தை ஒருவர், எல்லாம் கைப்பேசியில் ஒலியாகவே கிடைக்கிறது, எந்த மொழியிலும் கேட்டுக்கொள்ளலாமே என்றார். நாங்களும் நன்னிக்கு அப்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்தவர்கள்தான். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "இந்த ஆளு யார்கிட்டயோ பேசறான்" என்று அணைக்கச் சொல்லிவிட்டார். அதைக் கூட்டத்தில் சொன்னபோது சிரிப்பு எழுந்ததே தவிர முடிவு எதுவும் எழவில்லை.

முடிவைத் தந்தவர் ஹஜ்ரத். கரும்பலகையில் தாம் எழுதுவதைப் பாதிப் பேர் படிக்கவில்லை என்பது தமக்கு இரண்டு வருடமாகத் தெரியும், சொன்னால் பெற்றோர் மனம் வருந்துவார்கள் என்றுதான் சொல்லவில்லை என்றார். கூட்டம் அமைதியானது. மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும், கூடுதல் ஊதியம் ஜமாஅத்தின் பொறுப்பு என்று தலைவர் எழுதிக்கொண்டார்.

வகுப்பு நடக்கிறது. முதல் வாரம் ஆறு பேர். இரண்டு பேர் டியூஷன் நேரம் இடிக்கிறது என்று நின்றுபோனார்கள். பிறகு வேறு சிலர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தமிழ் வாசிக்கப் பழகிவிட்டவன் அந்த பீகார் சிறுவன். அவனுக்கு இந்த ஊரில் பேருந்துப் பலகையைப் படித்தாக வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. வாசிப்புப் பயிற்சிக்கு ஹஜ்ரத் குர்ஆனில் வரும் நபிமார்களின் வரலாறுகளைத் தாமே எளிய வாக்கியங்களில் எழுதித் தருகிறார். உருது பேசும் சிறுமிகளின் தாயார் ஒருநாள் வந்து, தமக்கும் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

படிவத்தில் குறியிட்டதை நாங்கள் மாற்றவில்லை. பத்தாம் வகுப்பில் பிரெஞ்சையே மகள் எழுதுவாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது, நன்றாகவும் வருகிறது. அதைப் பிடுங்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் தங்கைக்கு வரும் ஆண்டு அதே படிவம் வரும். இந்த முறை எங்கள் வீட்டில் ஒரு நிமிடத்தில் முடியாது. இப்போதே இரண்டு தரப்பு உருவாகிவிட்டது. பெரியவள் தமிழ்த் தரப்பு என்பதுதான் வேடிக்கை.

அஸருக்குப் பின் இப்போதும் தர்ஜமா விரிகிறது. சூரா யூஸுஃபில் பாதியைக் கடந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு முன்பு ஆன நேரத்தில் பாதிதான் ஆகிறது. ற, ர இரண்டிலும் இன்னும் தடுமாற்றம் உண்டு. நன்னி ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். இரண்டாவது கண்ணின் அறுவைக்கு நாள் குறிக்கலாம் என்று மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். நன்னி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "யூஸுஃபை அவ முடிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."